பழைய சிடியில் உள்ள தமிழ்ப் பக்கங்கள் எந்த ப்ரௌசரிலும் தெரியவில்லை, 2001ல் எப்படித் தெரிந்தது?

பாம்பன்_வாடை:

வணக்கம். ஊர் நூலகத்துக்கு ஒரு சிடி வந்திருக்கிறது. 1999 முதல் 2003 வரை நம் கடற்கரைச் சேதிகளை எழுதிய ஒரு சிறு இணைய இதழின் பக்கங்கள், மொத்தம் 412 எச்டிஎம்எல் ஃபைல்கள். தனுஷ்கோடிப் புயல், சங்குகுளிப்பு, வல்லம் கட்டும் முறை, காற்றுகளின் பெயர் என்று நல்ல சரக்கு உள்ளே இருப்பதாகச் சொல்கிறார்கள். விண்டோஸ் 10ல் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் போட்டுப் பார்த்தாயிற்று. மூன்று விதமாகச் சொதப்புகிறது:

அ) பாதிப் பக்கங்களில் ¾ ¢ மாதிரிக் குறிகளும், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும்.
ஆ) சிலவற்றில் சாதாரண ஆங்கில எழுத்துகள், நடுநடுவே செமிகோலன். வாசித்தால் ஒன்றும் புரியாது.
இ) ஒரு பத்திருபது பக்கங்கள் "நெட்ஸ்கேப் 4 அல்லது ஐஇ 4 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) தேவை" என்று சொல்லி நின்றுவிடுகின்றன.

அந்தக் காலத்து ப்ரௌசரையே இறக்கிப் போட்டால் சரியாகுமா? எல்லாவற்றையும் இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடாக்கி நூலகக் கம்ப்யூட்டரில் தேடும்படி வைக்க வேண்டும்.

அச்சுக்கோப்பு:

பழைய ப்ரௌசரைத் தேடி அலைய வேண்டாம். அது கிடைத்தாலும் அதற்குரிய ஃபான்ட் இல்லாமல் இதே கூத்துதான் தெரியும்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1990ல் செர்னில் எழுதிய முதல் ப்ரௌசர், 1993ல் இலினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏவிலிருந்து வந்த மொசைக், அந்தக் கூட்டத்தில் சிலர் வெளியே போய் 1994 டிசம்பரில் கொண்டுவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் எல்லாவற்றுக்கும் எழுத்து என்றால் மேற்கு ஐரோப்பிய எழுத்துதான். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், ஆக 256 இடம். முதல் 128ல் ஆங்கிலம், மீதியில் பிரெஞ்சு, ஜெர்மன் வகையறா. தமிழர்கள் தங்களுக்கு இடம் ஒதுக்கும்வரை காத்திருக்கவில்லை. அந்த மேல் பாதியில் இருந்த ஐரோப்பிய வடிவங்களை அழித்துவிட்டு அங்கே தமிழ் வடிவங்களை உட்கார வைத்து ஃபான்ட் செய்தார்கள். ப்ரௌசருக்குத் தான் காட்டுவது தமிழ் என்றே தெரியாது.

கிட்டத்தில் பார்த்தால் விளங்கும். எந்த எண் எந்த எழுத்து என்ற ஏற்பாட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். அந்தக் காலத்துத் தமிழ்க் குறியாக்கங்களில் ஒன்று டிஸ்கி. 'தமிழ்' என்ற சொல் டிஸ்கியில் நாலே பைட்: 190, 193, 162, 250. டிஸ்கி ஃபான்ட் இருந்தால் இவை த, ம, ி, ழ். இல்லாவிட்டால் 190 என்பது ¾, 162 என்பது ¢. நீங்கள் பார்க்கும் குப்பை இதுதான். உங்கள் (அ) வகை பெரும்பாலும் டிஸ்கி. (ஆ) வகை பாமினி ஃபான்ட்: அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. 'தமிழ்' அதில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று இருக்கும். அந்தச் செமிகோலன்தான் புள்ளி.

அன்றைய ப்ரௌசரில் இதற்கு ஒரு வாசல் இருந்தது. குறியாக்க மெனுவில் 'யூசர் டிஃபைன்ட்' என்று தேர்ந்தெடுத்து, அதற்கு இணைமதி போன்ற டிஸ்கி ஃபான்டைப் பொருத்திவிடலாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களை ஜனங்கள் இப்படித்தான் படித்தார்கள். அந்த மெனுவைக் குரோம் 2016ல் எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2021ல் அதை ஒற்றைப் பொத்தானாகச் சுருக்கிவிட்டது. இப்போது பக்கத்தின் தலையில் 'யூசர் டிஃபைன்ட்' என்று எழுதியிருந்தாலும் எச்டிஎம்எல் விதிப்படி ப்ரௌசர் அதை விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

மாற்றாமலே வாசித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. 'டிஎஸ்சியூ இணைமதி' ஃபான்டை நிறுவுங்கள். ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்ட் போய், 'லத்தீன்' பிரிவுக்கு அதை வைத்து, பக்கங்கள் தம் ஃபான்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டிஸ்கிப் பக்கங்கள் தமிழில் தெரியும். பார்த்து முடித்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற தளங்களின் அமைப்பும் ஐகான்களும் சீர்கெட்டுத் தெரியும்.

காக்கா_623:

மேலே சொன்னது சரி. மாத்துற வேலையை நான் சொல்றேன்.

முதல்ல, சிடியை அப்படியே ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணி, அந்த ஃபோல்டரைத் தொடாம வைங்க. வேலை எல்லாம் இன்னொரு காப்பியில. ஏன்னா நோட்பேட்ல திறந்து யூடிஎஃப்-8னு (யூனிகோடைச் சேமிக்கிற முறை) சேவ் பண்ணிட்டா ¾ங்கிற ஒரு பைட் ரெண்டு பைட்டா மாறிடும். அப்புறம் எந்தக் கன்வர்ட்டருக்கும் அது டிஸ்கின்னு புரியாது. ஏற்கெனவே யாராவது அப்படிப் பண்ணியிருந்தா, யூடிஎஃப்-8லேருந்து விண்டோஸ்-1252க்குத் திருப்பிட்டு, பிறகுதான் டிஸ்கியிலேருந்து மாத்தணும்.

ரெண்டாவது, வகை பிரிக்கணும். ஒவ்வொரு ஃபைலோட சோர்ஸ்லயும் ஃபான்ட் டேகைப் பாருங்க. பேர் டிஎஸ்சின்னு தொடங்கினா டிஸ்கி. டேப், டாம்னு இருந்தா 1999ல் சென்னையில நடந்த தமிழிணைய மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசு அறிவிச்ச குறியாக்கங்கள். பாமினின்னா பாமினி. நோட்பேட் பிளஸ் பிளஸ்ல 'ஃபைண்ட் இன் ஃபைல்ஸ்' போட்டா 412ம் அஞ்சு நிமிஷத்துல பிரிஞ்சிடும்.

மூணாவது, டிஸ்கி ஃபைல்கள். இதுதான் சுலபம். ஆங்கிலம் இருக்கிற முதல் 128 இடத்தை டிஸ்கி தொடலை, அதனால டேக், லிங்க் எல்லாத்தோடயும் முழு ஃபைலையும் மாத்தலாம். உபுண்டு மாதிரி லினக்ஸ்ல குறியாக்கத்தை மாத்துற ஐகான்வ் கட்டளை இருக்கு, மூலம் டிஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8னு குடுங்க. விண்டோஸுக்குள்ளயே லினக்ஸை ஓட்டுற டபிள்யூஎஸ்எல் போட்டும் ஓட்டலாம். உங்க ஐகான்வுக்கு டிஸ்கி தெரியுமான்னு மைனஸ் எல் போட்டுப் பட்டியலைப் பாத்துக்குங்க, எல்லா ஐகான்வுலயும் இருக்காது. தப்பான பைட் வந்தா அது நின்னு பிழை காட்டும். அப்ப மைனஸ் சி போட்டுத் தாண்டிடாதீங்க, அது எழுத்தைச் சத்தமில்லாம முழுங்கிடும். எந்த இடம்னு திறந்து பாருங்க, முக்காலும் அது ரெண்டு குறியாக்கம் கலந்த ஃபைலா இருக்கும்.

நாலாவது, பாமினி. இதுல முழு ஃபைலையும் மாத்தக் கூடாது. டேக்ல இருக்கிற ஆங்கிலத்தையும் தமிழாக்கி ஃபைலை நாசம் பண்ணிடும். ஃபான்ட் டேகுக்கு நடுவுல இருக்கிறதை மட்டும் எடுத்து என்எச்எம் கன்வர்ட்டர்லயோ பொங்குதமிழ்லயோ போடணும். மின்னஞ்சல் முகவரி நடுவுல வந்தா அதையும் ஒதுக்கிடுங்க.

கடைசியா, ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் குறியாக்கத்தை யூடிஎஃப்-8னு மாத்தி எழுதி, ஃபான்ட் பேரை எல்லாம் எடுத்துடுங்க. இதை மறந்தா மாத்தினதெல்லாம் மறுபடி குப்பையாத்தான் தெரியும்.

பாம்பன்_வாடை:

நன்றி காக்கா. டிஸ்கி 268 ஃபைல் மாறிவிட்டன. ஒரு சிக்கல்: சில பழைய பக்கங்களில் 'இறால்' எல்லாம் 'றால்' என்று வருகிறது. 'இந்த' என்பது 'ந்த'. பிந்தைய பக்கங்களில் சரியாக இருக்கிறது. இந்தப் பழைய பக்கங்களை மட்டும் முன்பே ஒருவர் ப்ரௌசரிலிருந்து காப்பி எடுத்து ஒட்டி வைத்திருக்கிறார்.

அச்சுக்கோப்பு:

கடற்கரையில் பேச்சில் எல்லோரும் 'றால்' என்றுதானே சொல்கிறோம், ஃபைலும் ஊர்க்காரர் ஆகிவிட்டது!

காரணம் இது. டிஸ்கியில் 'இ' முதலில் 173ஆம் இடத்தில் இருந்தது. லத்தீன் வரிசையில் 173 என்பது மென் இணைப்புக்கோடு. சொல் வரி முடிவில் உடைந்தால் மட்டும் காட்டு, மற்றபடி மறைத்துவிடு என்று ப்ரௌசருக்குச் சொல்லும் குறி. ஆகவே ப்ரௌசர்கள் 'இ'யைக் கடமையாக மறைத்தன. அதனால்தான் பிறகு 254ஆம் இடத்திலும் 'இ'யை வைத்தார்கள். ப்ரௌசரிலிருந்து காப்பி எடுத்து ஒட்டியபோது அந்த 173 கழன்றுவிட்டிருக்கும். சிடியின் தொடாத காப்பியில் அதே பக்கத்தை ஹெக்ஸ் பார்வையில் திறந்து, 'றால்' முன்னால் ஏடி என்ற பைட் (173ஐ ஹெக்ஸில் எழுதுவது இப்படி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்து நேராக மாற்றினால் 'இ' திரும்பிவிடும். இல்லாவிட்டால் 'ந்த', 'ங்கு', 'ல்லை' என்று மெய்யில் தொடங்கும் சொற்களைத் தேடிக் கையால்தான் போட வேண்டும். தமிழ்ச் சொல் புள்ளி வைத்த மெய்யில் தொடங்காது, அதனால் இவை எளிதில் அகப்படும். 'றால்' போன்றவற்றைத் தனியாகத் தேடுங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள்: 'கொண்டல்'. டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ெ, க, ா, ண், ட, ல் என்று ஆறு பைட் வைக்கும். யூனிகோடு ஒலி வரிசையில் க, ொ, ண, ்... என்று வைத்துவிட்டு, கொம்பை முன்னால் இழுத்துப் போடும் வேலையை விண்டோஸிடம் விட்டுவிடும். தமிழ் யூனிகோடில் 1991லேயே இருந்தும் ப்ரௌசரில் வரத் தாமதமானது இதனால்தான். 1999ல் ஐஇ 5 வந்து, லதா ஃபான்டோடு விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணமாகப் படிக்க முடிந்தது. மோசமான கன்வர்ட்டர் வரிசையை மாற்றாமல் விட்டுவிடும். தேடலில் 'கொண்டல்' என்று அடித்தால் கிடைக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தோணித்துறை:

யூனிகோடு வந்ததும் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். 2001ல் வந்த ஐஇ 6க்குப் பிறகு 2006 வரை மைக்ரோசாஃப்ட் புதிய பதிப்பே விடவில்லை. 2004ல் வந்த ஃபயர்பாக்ஸில் பத்தியை இருபுறமும் சமன் செய்தால் தமிழ் எழுத்து பிய்ந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். 2008ல் ஃபயர்பாக்ஸ் 3 வந்துதான் அது தீர்ந்தது. தமிழ் வசதி இல்லாத போன்களில் ஆபரா மினியின் ரகசிய அமைப்புப் பக்கத்தில் 'சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப்' என்பதை 'ஆம்' என்று வைத்தால், அவர்களுடைய சர்வர் தமிழைப் படமாக்கி அனுப்பும்.

(இ) வகைக்கு வருகிறேன். 1997ல் நெட்ஸ்கேப் 4 பிஎஃப்ஆர் என்றும், ஐஇ 4 ஈஓடி என்றும் ஆளுக்கொரு வகையில் பக்கத்தோடு ஃபான்டை அனுப்பும் வசதி கொண்டுவந்தன. தமிழ்த் தளங்கள் இரண்டையும் செய்து வைத்து, எந்த ப்ரௌசர் என்று ஸ்கிரிப்ட்டால் சோதித்து அனுப்பின. நெட்ஸ்கேப்புக்கு 'டாக்குமென்ட் லேயர்ஸ்', ஐஇக்கு 'டாக்குமென்ட் ஆல்'. இன்றைய குரோமில் முதலாவது கிடையாது. இரண்டாவது இருந்தும், சோதித்தால் 'இல்லை' என்று சொல்லும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு வாசலும் மூடல். சோர்ஸைத் திறந்து, ஸ்கிரிப்ட் எந்த ஃபைலுக்கு அனுப்புகிறது என்று பார்த்து அதை நேராகத் திறங்கள்.

அதில் ஃபான்ட் பெயர் தெரிந்த பெயராக இருந்தால் காக்கா சொன்ன வழி போதும். யாருக்கும் தெரியாத சொந்த ஃபான்ட் என்றால், சிடியில் ஈஓடி ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் நேராகத் திறந்தால் வேலை செய்யாது. அது எந்தத் தள முகவரிக்குச் செய்யப்பட்டதோ அங்கே மட்டும் திறக்கும்படி பூட்டியிருப்பார்கள். பூட்டை இப்படித் தாண்டலாம்: விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்த இதழின் பழைய முகவரிக்கு 127.0.0.1 (அதாவது உங்கள் கம்ப்யூட்டரே) என்று ஒரு வரி சேருங்கள். சிடிக் காப்பி ஃபோல்டரில் பைத்தானின் சிறு வெப் சர்வரை 80ஆம் போர்ட்டில் ஓட்டுங்கள். எட்ஜ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ப்ரௌசர்' பகுதியில் ஐஇ மோடுக்கு அனுமதி கொடுத்து, பழைய முகவரியை எச்டிடிபியில் அடித்து, மெனுவில் ஐஇ மோடில் ரீலோட் செய்யுங்கள். எட்ஜே ஈஓடியைப் படிக்காது, ஐஇ மோடு படிக்கும்.

தமிழ் தெரிந்ததும் பிடிஎஃபாக எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பைட் எந்த எழுத்து என்று அட்டவணை போடுங்கள். பத்திருபது பக்கங்களுக்குக் கன்வர்ட்டர் எழுதுவதைவிடத் தட்டச்சு செய்வதே சீக்கிரம் முடியும் என்பது என் அபிப்பிராயம். வேலை முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் வரியை நீக்கிவிடுங்கள்.

பாம்பன்_வாடை:

ஈஓடி ஃபைல் இரண்டு இருக்கின்றன, பிஎஃப்ஆர் இரண்டு. மொத்தம் 17 பக்கங்கள்தான், தட்டச்சே செய்துவிடுகிறோம். 'இறால்' பக்கங்களில் மூலச் சிடியில் ஏடி பைட் அப்படியே இருக்கிறது, மறுபடி மாற்றியதும் 'இ' வந்துவிட்டது. பாமினி 127 ஃபைல் மிச்சம்.