அசையாமல் கிடந்த மீன் 3 மீட்டர் நீந்தியதாகக் காட்டும் மென்பொருள்

கேள்வி:
வணக்கம். ஜீப்ரா மீன்களின் பதற்றத்தை அளப்பதற்காக, ஒவ்வொரு மீனையும் புதிய தொட்டியில் விட்டு, பக்கவாட்டிலிருந்து 6 நிமிடங்கள், நொடிக்கு 30 பிரேம் வீதம் படம் பிடிக்கிறேன். ஒவ்வொரு பிரேமிலும் மாறாத பின்னணியைக் கழித்து, மீனின் மையப்புள்ளியைத் தொடரும் இலவச மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அடியில் அசையாமல் கிடந்த மீன்கூட 3 மீட்டருக்கு மேல் நீந்தியதாகக் கணக்கு வருகிறது. நடுநடுவே அந்தப் புள்ளி நீர்மட்டத்துக்குத் தாவிவிடுகிறது. டீப்லேப்கட் என்ற வேறொரு மென்பொருளுக்கு மாறுமாறு நெறியாளர் சொல்கிறார். மாறினால் இது தீருமா?

மறுமொழி 1:
இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். 6 நிமிடப் பதிவில் 10,800 பிரேம்கள் இருக்கின்றன. மையப்புள்ளி பிரேமுக்கு 0.3 மில்லிமீட்டர் நடுங்கினாலே, கூட்டிப் பார்த்தால் 3.24 மீட்டர் வந்துவிடும். மீன் நகராத பகுதி ஒன்றில் அந்த நடுக்கத்தை அளந்து, அதற்குட்பட்ட நகர்வைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முடிவுகளைப் பார்க்கும் முன்பே அந்த வரம்பை நிர்ணயித்து, நீங்கள் ஒப்பிடும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாகவே வையுங்கள்.

தாவலுக்குக் காரணம் வேறு. பின்னணியை விடாமல் புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருளில், நெடுநேரம் அசையாத மீன் மெல்ல மெல்லப் பின்னணியோடு கரைந்துவிடும். அதன்பின் எஞ்சியிருக்கும் பெரிய அசைவை, அதாவது நீர்மட்டத்தின் மினுக்கத்தை, மென்பொருள் மீனென்று பிடித்துக்கொள்ளும். உறைந்து நிற்பது பதற்றத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று என்பதால், நீங்கள் அளக்க வந்ததையே அது அழித்துவிடுகிறது. மீனை விடுமுன் வெறும் தொட்டியைச் சில நொடிகள் படம் பிடித்து, அதையே நிலையான பின்னணியாகக் கொடுங்கள்.

மறுமொழி 2:
மேசையில் காற்றுப் பம்ப் ஏதும் ஓடுகிறதா என்றும் பாருங்கள்; அதன் அதிர்வில் நீர்மட்டம் அசைந்து மினுங்கும். தொட்டிக்குப் பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்து, அதன் பின்னிருந்து ஒளி கொடுத்தால், மீன் கருநிழலாகத் துலங்கும். பழைய டியூப் லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிப்பதால், 30 பிரேமில் எடுத்த படத்தின் வெளிச்சம் அலைபாயலாம். 25 பிரேமுக்கு மாற்றினால் அடங்கும்.

2018-இல் வெளிவந்த டீப்லேப்கட், தலை, வால்நுனி என உடற்பகுதிகளைத் தனித்தனியே தொடர்வதற்கானது. வாலின் வளைவு வேண்டுமென்றால் அதுவே சரி. ஒரே மீனின் ஒற்றைப் புள்ளிக்காக எத்தனையோ பிரேம்களில் கையால் குறியிட்டு அதைப் பயிற்றுவிப்பது வீண்வேலை என்பது என் எண்ணம்.

கேட்டவர்:
நன்றி. பக்கத்துத் தொட்டியின் பம்ப் அதே மேசையில்தான் இருந்தது. நிறுத்தியதும் தாவல் வெகுவாகக் குறைந்தது. பழைய பதிவுகளில் வெறும் தொட்டி இல்லையே, என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
மீன் இடப்பக்கம் இருக்கும் பிரேமின் வலப்பாதியையும், வலப்பக்கம் இருக்கும் பிரேமின் இடப்பாதியையும் ஒட்டினால் வெறும் தொட்டி கிடைத்துவிடும். 6 நிமிடமும் ஒரே மூலையில் கிடந்த மீனுக்கு இது உதவாது. அந்தப் பதிவுகளை மட்டும், குழு எதுவென்று அறியாத ஒருவரிடம் நிறுத்துக்கடிகாரத்தைக் கொடுத்து, மீன் உறைந்து நின்ற நேரத்தைக் கண்ணால் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.