எண்ணாச் சுற்று: 'இன்டிஜர் ஆம்பிகிட்டி'க்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

செயற்கைக்கோள் வழியாகச் சென்டிமீட்டர் துல்லியத்தில் நிலம் அளக்கும்போது எழும் 'இன்டிஜர் ஆம்பிகிட்டி' என்ற சிக்கலுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இழை இது. இதில் இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: முழுவெண் தெளிவின்மை, முழுவெண் ஐயம், முழுவெண் மயக்கம். மூன்றுமே 'ஆம்பிகிட்டி' என்ற சொல்லின் பின்னால் போகின்றன. எனக்கு அந்த மூலச்சொல்லே இடறுகிறது. கணக்குப் போட்ட பொறியாளருக்கு என்ன தெரியவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. தமிழில் புதிதாகப் படிக்கும் மாணவருக்குச் சொல்லைக் கேட்டதும் பொருள் கண்ணில் தெரிய வேண்டும். ஆகவே முதலில் பொருளைப் பேசிவிடுகிறேன். நில அளவைத் துறையில் இருப்பவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் சைகை இரண்டு அடுக்காக வருகிறது. ஒன்று துணுக்குத் துணுக்காக வரும் குறியீடு, மற்றொன்று அதைச் சுமந்துவரும் ஊர்தி அலை. பொதுமக்களுக்கான பழைய குறியீட்டில் ஒரு துணுக்கின் நீளம் ஏறத்தாழ 293 மீட்டர். ஏற்பிக் கருவி இதை நூற்றில் ஒரு பங்கு அளவுக்குப் பொருத்திப் பார்க்கும் என்று கொண்டால் 3 மீட்டர் வருகிறது. சாதாரணக் கைப்பேசி சில மீட்டர் பிசகோடு இடம் காட்டுவதற்கு அடிப்படை இதுதான். அதன்மேல் வளிமண்டலத் தாமதமும் சுவரில் பட்டுத் தெறித்துவரும் சைகைகளும் சேர்ந்து பிழையைக் கூட்டுகின்றன. ஊர்தி அலையின் கதை வேறு. 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 2 மில்லிமீட்டர். அதே வானம், அதே ஆண்டெனா; எதை வைத்து அளக்கிறோம் என்பதை மாற்றினால் துல்லியம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது.

அப்படியானால் எல்லாரும் அலையையே அளக்கலாமே? அலைக்கு அடையாளம் இல்லை என்பதுதான் சிக்கல். குறியீட்டில் ஒவ்வொரு துணுக்கும் எந்த இடத்தில் வருகிறது என்று தெரியும். அலையில் ஒரு சுற்று, அதாவது ஒரு முழு ஏற்ற இறக்கம், மற்றொன்றைப் போலவே இருக்கும். கருவி சைகையைப் பிடித்த நொடியில், நடப்புச் சுற்றில் எத்தனை பங்கு கடந்திருக்கிறது என்பதை அச்சொட்டாகச் சொல்லிவிடும். அந்த நொடியிலிருந்து தொலைவு கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு முழுச் சுற்றையும் விடாமல் எண்ணிக்கொண்டே வரும். ஆனால் பிடிப்பதற்கு முன்பே செயற்கைக்கோளுக்கும் ஆண்டெனாவுக்கும் இடையில் கிடந்த முழுச் சுற்றுகள் எத்தனை? கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த எண்ணிக்கை பத்துக் கோடிக்கு மேல். கருவி அதை எண்ணவில்லை. எண்ண வழியும் இல்லை.

நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலியை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. 1802இல் பரங்கிமலையில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு) அளந்தபோது 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி ஏழரை மைல் அளந்தார். கடைசிச் சங்கிலியில் மிச்சம் எத்தனை அங்குலம் என்று இம்மி பிசகாமல் தெரியும், ஆனால் அதுவரை எத்தனை சங்கிலி போட்டோம் என்ற எண்ணிக்கை மட்டும் கையில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைதான் இது. மிச்சம் துல்லியமாகத் தெரிகிறது; மொத்தம் தெரியவில்லை.

அந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கும் வேலையே ஆர்.டி.கே. முறையின் உயிர். களத்திலேயே உடனுக்குடன் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காணும் முறை அது. இடம் தெரிந்த புள்ளியில் ஒரு கருவி (பேஸ்), அளக்க வேண்டிய இடத்தில் ஒரு கருவி (ரோவர்). இரண்டும் ஒரே கோள்களைப் பார்க்கின்றன. இரண்டின் அளவீடுகளையும் கழித்து, பிறகு கோளுக்குக் கோள் மறுபடியும் கழித்தால், கோளின் கடிகாரப் பிழையும் கருவிகளின் கடிகாரப் பிழைகளும் அடிபட்டுப் போகின்றன. தொலைவு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் வளிமண்டலப் பிழையும் பெரும்பாலும் கழிந்துவிடும். மிஞ்சுவது இருப்பிடமும் அந்த எண்ணிக்கைகளும்தான். எண்ணிக்கை முழுச் சுற்றாகத்தான் இருக்க முடியும் என்ற ஒரே கட்டுப்பாட்டை வைத்துச் சரியான எண்ணிக்கைகளின் தொகுதியைத் தேடிப் பிடிக்கிறார்கள். இரண்டு அலைவெண்களைக் கழித்து 86 சென்டிமீட்டர் நீளமுள்ள அகன்ற அலையாக்கினால் தேடல் எளிதாகும். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் பீட்டர் டியூனிசன் 1990களில் வகுத்த லாம்டா முறை இந்தத் தேடலை நொடிக்குள் முடிக்கும் வேலையாக மாற்றியது. (இந்தியாவின் ககன் போன்ற விமானப் போக்குவரத்துத் திருத்தச் சேவைகள் குறியீட்டு அளவீட்டைத் திருத்துபவை. அங்கே இந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.)

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

'தெளிவின்மை' என்றால் சைகை மங்கலாக இருக்கிறது என்றுதான் மாணவர் நினைப்பார். உண்மையில் சைகை நல்ல தெளிவாக இருக்கும்போதும் இந்த எண்ணிக்கை தெரியாது. 'ஐயம்' என்பது மனிதருக்கு வருவது. 'மயக்கம்' பற்றி எழுதிய நண்பர் வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என்ற இலக்கண வழக்கைக் காட்டியிருந்தார். அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இலக்கணத்தில் மயக்கம் என்பது ஒன்று மற்றொன்றின் இடத்தில் வந்து நிற்பது, ஒன்றோடொன்று கலப்பது. இங்கே எதுவும் எதனோடும் கலக்கவில்லை. சரியான எண் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முன்னொட்டாக வரும் 'முழுவெண்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முழு எண்கள் என்றால் சுழியமும் அதற்கு மேற்பட்டவையும் மட்டும். குறை எண்களும் சேர்ந்தால் அவை முழுக்கள். இரட்டைக் கழித்தலுக்குப் பிறகு நமக்குக் கிடைக்கும் எண்ணிக்கை குறை எண்ணாகவும் இருக்கும். பள்ளியில் படித்ததற்கு முரணாக ஒரு கலைச்சொல்லை நாமே உருவாக்க வேண்டாம்.

என் பரிந்துரை: எண்ணாச் சுற்று. வாடாமல்லி, தீராப்பகை என்பவற்றைப் போல எதிர்மறைப் பெயரெச்சம். எண்ணப்படாமல் கிடந்த சுற்றுகள். "ஒவ்வொரு கோளுக்கும் ஓர் எண்ணாச் சுற்றுத் தொகை உண்டு, அதைத் தீர்த்தால் சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும்" என்று எழுதிப் பாருங்கள், விளக்கம் சேர்க்காமலே நிற்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளையும் பார்த்துவிடலாம்.

> 'எண்ணா' என்றால் 'நினைக்காத' என்றும் பொருள் வருமே?

வரும். ஆனால் பக்கத்தில் 'சுற்று' இருக்கும்போது நினைப்பு என்ற பொருள் யாருக்கும் தோன்றாது.

> மின்சுற்று என்பதில் சுற்று ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. 'எண்ணா அலை' என்று வைக்கலாமே?

'அலை' என்று வைத்தால் அடுத்த அடியில் 'அலை எண்ணிக்கை', 'அலையெண்' என்று சுருங்கும். அலையெண் இயற்பியலில் வேறோர் அளவுக்குப் பெயர். அலைவெண் என்பது இன்னொன்றுக்கு. மூன்றையும் ஒரே பக்கத்தில் படிக்கும் மாணவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். சுற்று என்பதற்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், இதிலிருந்து ஒரு குடும்பமே கிளைக்கிறது. களத்தில் நில அளவையர்கள் நாள் முழுக்கப் பேசுவது ஆம்பிகிட்டியைப் பற்றி அல்ல. 'ஃபிக்ஸ்', 'ஃப்ளோட்' என்ற இரண்டைப் பற்றித்தான். வரப்பில் கம்பை ஊன்றி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை பிடித்துக்கொண்டு, கையிலுள்ள திரையைப் பார்த்தபடி நிற்பார்கள். 'ஃப்ளோட்' என்று காட்டும்போது பிழை சில பத்து சென்டிமீட்டரில் தடுமாறும். 'ஃபிக்ஸ்' என்று மாறியதும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குச் சட்டென்று இறங்கும். தென்னைக்கு அடியில் போனால் "அண்ணே, ஃபிக்ஸ் போயிருச்சு" என்று உதவியாளர் குரல் கொடுப்பார். இந்த இரண்டுக்கும் 'உறுதித் தீர்வு', 'மிதவைத் தீர்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

'மிதவை' படகையும் தெப்பத்தையும் நினைவூட்டுகிறது. என்ன மிதக்கிறது என்று சொல்லவில்லை. 'உறுதி' இன்னும் ஆபத்து, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கருவி தவறான எண்ணிக்கையிலும் ஃபிக்ஸ் ஆகும். தேடலில் முதலாவதாக வந்த தொகுதி இரண்டாவதைவிட எத்தனை மடங்கு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்து, பொதுவாக 3 மடங்கைத் தாண்டினால் அதை ஏற்றுக்கொள்கிறது. மரநிழலிலும் உயர்ந்த சுவரோரத்திலும் இந்தச் சோதனையையும் தாண்டித் தப்பு எண்ணிக்கை உள்ளே வந்துவிடும். ஒரு கோளுக்கு ஒரு சுற்று பிசகினாலும் இடம் பல சென்டிமீட்டர் நகரும். திரை மட்டும் 2 சென்டிமீட்டர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையை 'உறுதி' என்று தமிழில் எழுதி வைத்தால், எல்லைக்கல் நடுகிறவர் மறுபடி சரிபார்க்க மாட்டார். அனுபவமுள்ளவர்கள் பிடிப்பை விட்டுவிட்டுப் புதிதாகப் பிடிக்கவைத்து, சற்று நேரம் கழித்து அதே புள்ளியை இன்னொரு தடவை எடுப்பார்கள். அந்த எச்சரிக்கையைக் குலைக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

ஆகவே ஃபிக்ஸுக்கு முழுச்சுற்றுத் தீர்வு, ஃப்ளோட்டுக்கு பின்னச்சுற்றுத் தீர்வு. முதலாவதில் எண்ணாச் சுற்றுகள் முழு எண்ணிக்கையாகத் தீர்ந்தன. இரண்டாவதில் இன்னும் பின்னமாகவே நிற்கின்றன. நடப்பதை மட்டும் சொல்கின்றன, நம்பிக்கை வாக்கு எதுவும் தரவில்லை. களத்தில் பேசும்போது முழுச்சுற்று, பின்னச்சுற்று என்று சுருக்கினாலும் பொருள் கெடாது.

மூன்றாவது, 'சைக்கிள் ஸ்லிப்'. சைகை ஒரு கணம் அறுந்து, கருவி சில சுற்றுகளை எண்ணாமல் விட்டுவிடுவது. 'சுற்று நழுவல்' என்ற பரிந்துரை மூலச்சொல்லை அப்படியே பெயர்க்கிறது. எண்ணிக்கொண்டே வரும்போது தடைப்பட்டால் "எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றுதானே சொல்கிறோம்? அதனால் சுற்று விடுபடல். எண்ணாச் சுற்று என்பது எண்ணத் தொடங்கும் முன்பே இருந்தது. சுற்று விடுபடல் எண்ணத் தொடங்கிய பின் நேர்வது. இரண்டின் வேறுபாடும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

நம் பகுதிக்கு இந்த மூன்றாவது சொல் மிக முக்கியம். புவிக்காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததே அதற்காகத்தான். காந்த நடுக்கோட்டை ஒட்டிய அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற அடுக்கு) சூரியன் மறைந்த பிறகு குமிழ் குமிழாகக் குலைகிறது. மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், அதிலும் சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் ஆண்டுகளில், இது கூடுதல். அப்போது சைகையின் வலு விநாடிக்கு விநாடி ஏறி இறங்கும்; பல கோள்களில் ஒரே நேரத்தில் சுற்று விடுபடும். முழுச்சுற்றுக்கு வந்த கருவி காரணம் தெரியாமல் பின்னச்சுற்றுக்குத் திரும்பும். கருவி பழுது என்று கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் எழுதிய கையேட்டில் இந்த நிலை ஒரு வரிக்கு மேல் இராது. தமிழில் எழுதும் கையேடு இதற்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்க வேண்டும்.

பேஸ், ரோவர் என்ற இரண்டையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். களத்தில் வேரூன்றிவிட்டன, அவற்றால் பொருள் குழப்பமும் இல்லை.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். செயற்கைக்கோளை நீங்கள் செய்மதி என்று எழுதுவது எங்களுக்கும் பழகிவிட்டது. உங்கள் பாடநூல்களில் 'சைக்கிள்' என்பதற்குச் சுற்று என்றே இருக்கிறதா, வேறு சொல்லா? வேறு என்றால் நான்கு சொற்களையும் அதற்கேற்ப மாற்றி ஒருசேரப் பார்த்துவிடலாம். மறுப்பு இல்லையென்றால் இந்த வடிவிலேயே சொற்பட்டியலில் ஏற்றுகிறேன். தெறித்துவரும் சைகைகளுக்கான சொல்லைத் தனி இழையில் தொடங்குவோம். அதற்கு வந்த 'பல்வழி' பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது.

அன்புடன்.