சான்றுபெற்ற கணக்குப் பதிவர்: 'சர்ட்டிஃபைடு புக்கீப்பர்' என்பதற்குத் தமிழ்

> "சான்றளிக்கப்பட்ட கணக்காளர்" என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

புரியும்தான், ஆனால் வேறு ஆளாகப் புரிந்துகொள்வார்கள். கணக்காளர் என்ற சொல் அக்கவுண்டன்டுக்குப் போய் ரொம்ப நாளாயிற்று. புக்கீப்பர், அன்றாடக் கொடுக்கல் வாங்கலைக் குறிப்பேட்டில் நாள்வாரியாகப் பதிந்து, பேரேட்டில் கணக்குவாரியாக எடுத்தெழுதி, இருப்பாய்வு (இருபக்க மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பட்டியல்) வரைக்கும் கொண்டுவருபவர். அப்புறம் நிதியறிக்கையை அலசுவது, வரிக்கு யோசனை சொல்வது எல்லாம் கணக்காளர் பக்கம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வேலைக்கு ஆள் எடுப்பவரே குழம்பிப்போவார்.

"கணக்கு எழுத்தர்" என்று முன்பு ஒருவர் சொன்னதும் எனக்கு ஒட்டவில்லை. எழுத்தர் என்றால் சொன்னதை எழுதுகிறவர் என்ற தொனி வருகிறது. இந்தச் சான்றுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் இதை வழங்கும் ஏஐபிபி (அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் புரொஃபஷனல் புக்கீப்பர்ஸ்) அமைப்பு, இரண்டு ஆண்டு முழுநேர அனுபவமோ அதற்கு ஈடான பகுதிநேர அனுபவமோ வேண்டும் என்கிறது. தேர்விலும் தேற வேண்டும், தொழில் நெறிமுறைக்குக் கையொப்பமும் இட வேண்டும். பாடங்களில் சரிக்கட்டுப் பதிவுகள் (ஏட்டை முடிக்கும்போது செலவையும் வருமானத்தையும் உரிய ஆண்டில் சேர்க்கும் பதிவுகள்), பிழை திருத்தம், சம்பளக் கணக்கு, தேய்மானம், சரக்கிருப்பு, மோசடித் தடுப்பு எல்லாம் உண்டு.

சரிக்கட்டுப் பதிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 1 அன்று ஓராண்டுக் காப்பீட்டுக்கு 12,000 கட்டியாயிற்று. மொத்தமும் செலவுக் கணக்கில் ஏறியிருக்கிறது. டிசம்பர் 31 அன்று ஏட்டை முடிக்கும்போது மூன்று மாதத்துக்கான 3,000 மட்டுமே அந்த ஆண்டின் செலவு. மீதி 9,000-ஐ 'முன்கூட்டிச் செலுத்திய செலவு' என்று சொத்துப் பக்கம் நகர்த்த வேண்டும். இதற்கு யாரும் ரசீது கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். தானாகவே பார்த்துச் செய்ய வேண்டும். பிழை திருத்தமும் அப்படித்தான். பழுதுபார்த்த செலவை இயந்திரக் கணக்கில் பற்று (இடப்பக்கம்) வைத்துவிட்டால் இருப்பாய்வு அழகாக ஒத்துப்போகும், செலவு சொத்தாகிவிடுவதால் லாபம் மட்டும் கூடித் தெரியும். இதைப் பிடிப்பவரை எழுத்தர் என்பதா?

> அப்படியானால் கணக்குப் பதிவாளர்?

கிட்டத்தட்ட அதுதான். பள்ளிக்கூடத்திலேயே 'கணக்குப் பதிவியல்' என்று படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கும்போது அந்த வேரை விட வேண்டாம். ஆனால் பதிவாளர் என்றதும் பல்கலைக்கழகப் பதிவாளரும் சார்பதிவாளரும்தான் கண்முன் வருகிறார்கள். 'பதிவர்' என்று குறுக்கிவிடலாம். வலைப்பதிவர் புழங்கிவிட்டதால் காதுக்கும் புதிதல்ல. ஏட்டை வைத்து 'ஏட்டாளர்' என்றும் யோசித்தேன். காவல் நிலைய ஏட்டு குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

முன்னால் 'பட்டய' வேண்டாம், அது சார்ட்டர்டு அக்கவுண்டன்டுக்கும் டிப்ளமாவுக்கும் போய்விட்டது. 'சான்றளிக்கப்பட்ட' என்பது நகலுக்குச் சரி. ஆளுக்குச் 'சான்றுபெற்ற' போதும்.

சொற்பட்டியலில் ஏற்றுபவருக்கு ஒரு வேண்டுகோள். விளக்கத்தில் 'வரவு' என்று வெறுமனே எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் வரவு என்றால் கிரெடிட் (வலப்பக்கம்). இலங்கைப் பாடநூலில் அதே சொல் டெபிட் (இடப்பக்கம்), கிரெடிட்டுக்கு அங்கே செலவு. பற்று, வரவு, செலவு எது வந்தாலும் பக்கத்தில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று போட்டுவிடுங்கள்.