பெட்டியில் 3 ஜிபிபிஎஸ், கையில் 310 எம்பிபிஎஸ்: உங்கள் ஃபயர்வால் அனுபவம் என்ன?

எங்கள் அலுவலகத்தில் அறுபது பேர். போன வருடம் இணைய லைனை 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்தினோம். ஃபயர்வால் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் பெட்டி) பழசுதான், ஆனால் டேட்டாஷீட்டில் 3 ஜிபிபிஎஸ் என்று இருந்ததால் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. லைன் மாறிய அன்று ஸ்பீட் டெஸ்ட் 310-ஐத் தாண்டவில்லை. லைன் கொடுத்தவரை இரண்டு முறை வரவழைத்தேன். இரண்டாம் முறை அவர் தன் லேப்டாப்பை நேரடியாகச் செருகினார். 940 வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு டேட்டாஷீட்டை மறுபடி எடுத்தேன்.

அந்த 3 ஜிபிபிஎஸ், 1518 பைட் பாக்கெட்டுகளை (இணையத்தில் தரவு போகும் சிறு துண்டுகள்) வைத்து அளந்தது என்று அடிக்குறிப்பில் இருந்தது. ஃபயர்வாலுக்குச் சுமை பைட்டைவிடப் பாக்கெட் எண்ணிக்கையில்தான் ஏறும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் செஷன் டேபிளை, அதாவது நடப்பிலுள்ள இணைப்புகளின் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். 1 ஜிபிபிஎஸ் லைன் நிரம்ப, 1518 பைட் என்றால் நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட் போதும். 64 பைட் என்றால் 14.88 லட்சம். நெட்வொர்க் கருவிகளைச் சோதிக்கும் முறையைச் சொல்லும், 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2544 ஆவணம், 64 முதல் 1518 வரை ஏழு அளவுகளிலும் சோதிக்கச் சொல்கிறது. விளம்பரத்தில் பெரிதாக நிற்பது பெரும்பாலும் அந்தக் கடைசி அளவின் எண்தான்.

அதே பக்கத்தின் கீழே, ஐபிஎஸ் (ஊடுருவலைத் தடுக்கும் சோதனை), ஆன்டிவைரஸ் எல்லாம் ஓடும்போது 350 எம்பிபிஎஸ் என்றும் போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டிருந்தோம். ஒரு இரவு பத்து நிமிடம் அவற்றை நிறுத்திப் பார்த்தேன், 900-க்கு மேல் போனது. பெட்டியில் பழுதே இல்லை. பாதுகாப்பை நிறுத்தி வேகம் வாங்க எனக்கு மனமில்லை. அதனால் அந்தக் கீழ்வரி எண்ணைப் பார்த்து வேறு பெட்டி வாங்கினோம்.

*

எனக்கு வேறு மாதிரி. நானே ஒரு நான்கு கோர் கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் போட்டு ஃபயர்வாலாக வைத்திருக்கிறேன். வேகம் 400-இல் நின்றது, ஆனால் சிபியு மொத்தம் 27 சதவீதம்தான் காட்டியது. கோர் வாரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒன்று மட்டும் நூறில் திணற, மற்ற மூன்றும் சும்மா கிடந்தன. என் லைன் பிபிபிஓஇ, அதாவது ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறைக்குள் போட்டு அனுப்பும் வகை. வழக்கமாக நெட்வொர்க் கார்டு இணைப்புகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பிபிபிஓஇ-க்குள் இருக்கும் முகவரி என் கார்டுக்குத் தெரியாது, அதனால் எல்லாம் ஒரே வரிசையில் வந்து விழுந்தது. கர்னல் டிஸ்பாட்ச் அமைப்பை ‘டிஃபர்டு’ என்று மாற்றி, வந்த பாக்கெட்டுகளை மற்ற கோர்களுக்கும் பகிர வைத்ததும் 800-ஐத் தொட்டது. சரி, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது, ஆனால் அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் போனது.

*

முதல் பதிவில் சொன்ன பாக்கெட் கணக்கை நான் ஒரு கால் சென்டரில் பட்டு அறிந்தேன். ஒரே நேரத்தில் 200 அழைப்பு. ஜி.711 முறையில் (குரலை டிஜிட்டலாக்கும் ஒரு முறை) குரல், ஒரு பாக்கெட் 200 பைட், ஒரு திசைக்கு நொடிக்கு 50 பாக்கெட். இரு திசையும் சேர்த்தால் வெறும் 32 எம்பிபிஎஸ். கிராஃபில் லைன் காலியாகத்தான் தெரியும், பேசுபவர்களுக்கோ குரல் வெட்டி வெட்டி வரும். எண்ணினால் நொடிக்கு 20,000 பாக்கெட். பெரிய பாக்கெட்டில் 240 எம்பிபிஎஸ் ஓடுவதற்குச் சமம். அந்தச் சின்னப் பெட்டி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. குரலுக்குத் தனி விலான் (அதே நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த பகுதி) போட்டு, எங்கள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்து, அதற்கு ஆழமான சோதனையை நிறுத்தினோம். அன்று மாலையே குரல் வெட்டுவது நின்றது.