பிடிக்காதவர்களை எல்லாம் பாசிஸ்ட் என்கிறார்களே, உண்மையான பாசிசத்தை எப்படி அடையாளம் காண்பது?

புதுவாசகன் கேட்டது:
கண்டிப்பான மேலதிகாரியும் பாசிஸ்ட், படத்தைத் தணிக்கை செய்கிறவரும் பாசிஸ்ட் என்று பேசுகிறார்கள். அப்படியானால் அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? சர்வாதிகாரம், ராணுவ ஆட்சி இவற்றிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது? பாசிச எதிர்ப்பு என்றால் எதைச் செய்வது?

கணித ஆசிரியை:
தம்பி, நான் வரலாறு படித்தவள் இல்லை. இரை பெருகினால் வேட்டை விலங்கு பெருகும், அது பெருகினால் இரை குறையும் என்ற கணக்கை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவள். அந்தச் சமன்பாட்டுக்குப் பெயர் தந்த இருவரில் ஒருவர் இத்தாலியின் விட்டோ வோல்டெரா. ரோம் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை ஏன் போனது என்று தேடப் போய்த்தான் இதற்குள் வந்தேன்.

1931இல் முசோலினி அரசு பேராசிரியர்கள் எல்லோரிடமும் ஓர் உறுதிமொழி கேட்டது. பாசிச ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பேன், மாணவர்களையும் அதன்மீது பற்றுள்ளவர்களாக வளர்ப்பேன் என்று. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் 12 பேர் அளவில்தான். வோல்டெரா அவர்களில் ஒருவர். ஒப்புக்கொண்ட எல்லோரும் பாசிஸ்டுகள் இல்லை. வேலை, குடும்பம், 'நான் போனால் இந்த நாற்காலியில் அவர்கள் ஆள்தான் உட்காருவான்' என்ற எண்ணம். நானும் மாதச் சம்பளக்காரி, அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1938இல் இனச் சட்டங்கள் வந்தபோது, உறுதிமொழி எடுத்திருந்த யூதப் பேராசிரியர்களையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. ராணுவ ஆட்சியாளருக்குப் பெரும்பாலும் நீங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்தால் போதும். பாசிசத்துக்கு அது போதாது, நீங்கள் சதுக்கத்துக்கு வந்து கோஷம் போட வேண்டும். நாடு பெருமை இழந்துவிட்டது, கெடுத்தவன் நம் நடுவிலேயே இருக்கிறான் என்பார்கள். அவனை அடிக்க ஒரு கூட்டம் கிளம்பும். போலீஸ் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் முதலில் கவனிப்பது அந்தப் போலீஸைத்தான்.

பழைய நிருபர்:
மேடம் கடைசியில் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இத்தாலியில் 1921 தேர்தலில் பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 35 இடங்களே. ஆனால் அதற்குள் 'கருஞ்சட்டைக்காரர்கள்' எனப்பட்ட முசோலினியின் அடியாட்கள் தொழிற்சங்க அலுவலகங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். எதிராளியைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். கேட்க நாதியில்லை. 1922 அக்டோபர் 28 அன்று அவர்கள் ரோமை நோக்கிக் கிளம்பியபோது பிரதமர் நெருக்கடிநிலை ஆணையைத் தயார் செய்தார். மன்னர் கையெழுத்திட மறுத்துவிட்டார், அடுத்து முசோலினியையே ஆட்சி அமைக்க அழைத்தார். ஜெர்மனியிலும் 1933 ஜனவரியில் ஹிட்லரின் முதல் அமைச்சரவையில் அவரைத் தவிர இரண்டே நாஜிகள். மற்றவர்கள் 'இவரை நாம் கட்டி மேய்க்கலாம்' என்று நம்பிய பழமைவாதிகள். அதனால் கத்துகிறவனை மட்டும் பார்க்காதீர்கள், அவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறவரையும் பாருங்கள்.

சங்கத்து ஆள்:
எதிர்ப்பு பற்றி ஒன்று சொல்கிறேன், எங்கள் இடதுசாரித் தரப்பின் தவறும் இதில் உண்டு. ஜெர்மனியில் 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 33.1 சதவீதம். மிதவாத இடதுசாரிகளான சமூக ஜனநாயகவாதிகளுக்கு 20.4, கம்யூனிஸ்டுகளுக்கு 16.9. கூட்டிப் பாருங்கள். 'பாசிச எதிர்ப்பு நடவடிக்கை' என்ற பெயரில் அதே ஆண்டு இயக்கம் தொடங்கிய கம்யூனிஸ்டுகளே அந்தச் சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மார்ச்சில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டத்தை எதிர்த்து 94 சமூக ஜனநாயகவாதிகள் வாக்களித்தார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்கே வர முடியவில்லை. சிறையில் இருந்தார்கள், அல்லது தலைமறைவாக. கண்ட இடத்தில் எல்லாம் அந்தச் சொல்லை வீசாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

புதுவாசகன்:
மேடம், அன்று அந்தத் தாள் உங்கள் மேசைக்கு வந்திருந்தால்?

கணித ஆசிரியை:
பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்திருக்கும். கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றே பயப்படுகிறேன். அதனால்தான் 1921இல் பக்கத்துத் தெருவில் சங்க அலுவலகம் எரியும்போதே வாய் திறந்திருக்க வேண்டும் என்கிறேன். அப்போது என் மேசையில் எந்தத் தாளும் இல்லை.