ரெஜிஸ்ட்ரிக்குப் ‘பதிவேடு’ பொருந்தவில்லை, ‘பெயரடைவு’ என்று வைக்கலாமா?

வணக்கம். எர்லாங் நிரல்மொழியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சிறு வேலையும் ஒரு பிராசஸ், எந்தப் பெயர் எந்த பிராசஸுக்கு என்று வைத்திருக்கும் பட்டியல் ரெஜிஸ்ட்ரி. அதன் தமிழ்ப்பெயர் பற்றி நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள்:

> பிராசஸ் ரெஜிஸ்ட்ரியைச் ‘செயல்முறைப் பதிவேடு’ என்றே எழுதிவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. எர்லாங் பற்றிய சில பக்கங்களைத் தமிழில் எழுதி, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ஒரு பிராசஸுக்குப் பெயர் பதிந்துவிட்டு, அதன் பிஐடியை (பிராசஸின் அடையாள எண்) ஒரு மாறியில் வைத்துக்கொண்டு கடைசி வரை அதற்கே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நடுவில் அந்த பிராசஸ் விழுந்து, விழுந்ததை மறுபடி எழுப்பும் வேலையைச் செய்யும் சூப்பர்வைசர் புதிதாக ஒன்றை எழுப்பியதில், பிஐடி 0.142.0 என்று இருந்தது 0.197.0 ஆகிவிட்டது. செத்துப்போன பிஐடிக்கு அனுப்பினால் எர்லாங் பிழை எதுவும் காட்டாது, செய்தி அப்படியே போய்விடும். பாதி நாள் தேடினோம். கேட்டால், “பதிவு பண்ணியாச்சே அண்ணா” என்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. பத்திரப் பதிவு, திருமணப் பதிவு என்று நமக்குத் தெரிந்த பதிவெல்லாம் ஒருமுறை செய்தால் நிலைத்து நிற்பவை. இங்கேயோ பிராசஸ் சாகிற கணமே அதன் பெயரும் தானாக நீங்கிவிடும். சொல்லே எதிர்ப்பக்கம் இழுத்தால் விளக்கம் எழுதி என்ன பயன்?

‘செயல்முறை’யும் எனக்கு ஒட்டவில்லை. செயல்முறை சமையல் குறிப்பில் இருப்பது, பிராசஸ் அடுப்பில் கொதித்துக்கொண்டிருப்பது. நல்ல சொல் கிடைக்கும்வரை பிராசஸ் என்றே இருக்கட்டும்.

சரி, ரெஜிஸ்ட்ரிக்கு வருவோம். முதலில் ‘பெயரேடு’ என்றுதான் நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னால் ‘பேரேடு’ ஆகிவிடுகிறது, கணக்கு எழுதுபவர்கள் லெட்ஜர் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘இருப்பேடு’ சரக்கு இருப்புப் பக்கம் போய்விடும். ‘பெயரடைவு’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வு நூல்களின் கடைசியில் சொல்லடைவு, பெயரடைவு என்று போட்டிருப்பார்களே, அதுதான். பெயரைத் தேடினால் பக்க எண் கிடைக்கும், மறுபதிப்பில் பக்க எண் மாறும், பெயர் மாறாது. ரெஜிஸ்ட்ரியின் வேலையும் இதுவே: பெயரைக் கொடு, இப்போது அது எங்கே ஓடுகிறது என்று சொல்கிறேன். அந்தத் தம்பியிடம் “பக்க எண்ணை மனப்பாடம் செய்யாதே, ஒவ்வொரு முறையும் அடைவைப் பார்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

வினைச்சொற்களுக்கு அலைய வேண்டாம், வாக்காளர் பட்டியலில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம்: பெயர் சேர்த்தல், பெயர் நீக்கல். அங்கே இறந்தவர் பெயரை யாராவது பார்த்து நீக்க வேண்டும், இங்கே அது தானாக நடக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சொல் கிளஸ்டரிலும், அதாவது பல கணுக்கள் (நோட், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு எர்லாங்கும் ஒரு கணு) இணைந்த கொத்தணியிலும், தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். எர்லாங்கில் சாதாரணமாகச் சேர்க்கும் பெயர் அந்த ஒரு கணுவுக்குள் மட்டும் செல்லும், அது ‘உள்ளடைவு’. எர்லாங்கோடு வரும் ‘குளோபல்’ என்ற தொகுதி வழியாகச் சேர்த்தால் இணைந்திருக்கும் எல்லாக் கணுக்களிலும் அதே பட்டியலின் படி இருக்கும், அது ‘பொதுவடைவு’. நடுவில் வலைப்பின்னல் அறுந்து கொத்தணி இரண்டாகப் பிரிந்தால், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பெயரில் ஆளுக்கொரு பிராசஸ் எழும்பிவிடலாம். மறுபடி சேரும்போது குளோபல் அதைக் கண்டுபிடித்து, நாம் வேறு வழி சொல்லாவிட்டால், இரண்டில் ஏதோ ஒன்றைக் கொன்றுவிடும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அப்படிச் செத்த பிராசஸோடு அதன் நினைவில் இருந்த எண்ணிக்கை முழுக்கப் போனது, அன்றிலிருந்து இந்த இடத்தை மட்டும் யாரும் மேலோட்டமாகப் படித்துவிடக் கூடாது என்று எனக்கு இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பிராசஸ் இருக்கும் இந்த நிலைக்கு ‘பெயர் முரண்’ என்று எழுதுவதைவிட ‘இரட்டைப் பதிவு’ என்பது சட்டென்று உறைக்கும். பதிவு வேண்டாம் என்று நானே சொன்னதால் ‘இரட்டைப் பெயர்’ என்று வைக்கலாம்.

கிளஸ்டருக்குக் கொத்தா, கொத்தணியா என்பதில் என் ஓட்டு கொத்தணிக்கு. கொத்து என்றால் கொத்துக்குண்டு நினைவுக்கு வருகிறது, தவிர 2020 தொற்றுக் காலத்தில் இலங்கைச் செய்திகள் கொத்தணியை நன்றாகவே பழக்கிவிட்டன.

மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய தரவு, அதுதான் இன்னும் இடிக்கிறது. ‘மீதரவு’ பொதுவாகச் சரி. ஆனால் ‘சின்’ (Syn) போன்ற எர்லாங் நிரல் நூலகங்களில் பெயரைச் சேர்க்கும்போதே கூடவே ஒட்டிவிடும் சிறு விவரம், எந்தப் பதிப்பு, எந்த வேலை என்பதெல்லாம், பெயரோடு கணுக்கள் எல்லாவற்றுக்கும் பரவி, பிராசஸ் செத்தால் அதோடு போய்விடும். அதை ‘உடன்குறிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன்:

“பொதுவடைவில் பெயர் சேர்க்கும்போது உடன்குறிப்பில் பதிப்பு எண்ணையும் கொடுக்கவும்.”

எனக்கு உறுத்தாமல் படிக்க முடிகிறது. உங்களுக்கு எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள், வெள்ளிக்குள் அந்தப் பக்கங்களைத் திருத்திவிட நினைக்கிறேன்.