மீடியேஷன்: சமரசமா, மத்தியஸ்தமா, இணக்கமா?

குழுவினர்க்கு வணக்கம்.

உரிமையியல் வழக்கில் சிக்கியவர்களுக்கான விளக்கத் தாள் ஒன்று தமிழில் தயாராகிறது. மீடியேஷன் என்பதற்கு ஒருவர் மத்தியஸ்தம் என்றும், இன்னொருவர் சமரசம் என்றும், மூன்றாமவர் நடுவம் என்றும் போட்டிருக்கிறார்கள். ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் பொருள். எந்தப் பக்கமும் சாராத ஒருவர் பேச்சை நடத்துகிறார்; முடிவு தரப்பினர் கையில். தீர்வைத் திணிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மீடியேஷன் சட்டம் வரையறையிலேயே சொல்கிறது. ஆர்பிட்ரேஷனில் மூன்றாமவர் சான்றுகளைப் பார்த்துத் தீர்ப்பளிப்பார். பிடிக்காதவரையும் அது கட்டும். மக்கள் நீதிமன்றத்தில் தரப்பினர் ஒத்துக்கொண்டதை அமர்வு ஆணையாக்கும். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாத சொல் வேண்டும்.

கலப்பது நம் குறை மட்டுமில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் நீதிமன்ற வழித் தீர்வுக்கும் மீடியேஷனுக்குமான விளக்கங்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிட்டன. அது வரைவுப் பிழை என்று 2010-இல் அஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, மாற்றிப் படிக்கச் சொன்னது. ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கே அந்தக் கதி!

என் வாக்கு மத்தியஸ்தத்துக்கு. நடுவில் நிற்பது என்ற வேர்ப்பொருள் சரியாகப் பொருந்துகிறது.

* * *

> என் வாக்கு மத்தியஸ்தத்துக்கு.

ஐயா, வேர்ப்பொருள் பொருந்தலாம், வழக்கு பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் மத்தியஸ்தர் என்றால் ஊர்ப் பேச்சில் தீர்த்துவைப்பவர். பழைய பத்திரங்களில் ஆர்பிட்ரேட்டரும் அவரே. "மத்தியஸ்தர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்" என்று கையெழுத்துப் போட்ட ஊரில் அதே சொல்லை அறிவிப்பில் அச்சிட்டால், வருபவர் பத்திரக்கட்டோடு வந்து "நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்" என்று உட்காருவார். மீடியேஷன் முதல் அமர்விலேயே சறுக்குவதற்கு இது ஒன்று போதும்.

நடுவம் இன்னும் மோசம். குற்றவியல் நடுவர் தண்டனை விதிக்கிறார், பட்டிமன்ற நடுவர் தீர்ப்பு சொல்கிறார். நடுவர் என்று பெயர் பெற்ற எவரும் இங்கே வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

தமிழ் இலக்கணமே நமக்கு ஓர் அளவுகோல் தருகிறது. தீர்வு தன்வினையில் பிறந்தது: சிக்கல் தீர்கிறது. தீர்ப்பு பிறவினையில் பிறந்தது: ஒருவர் தீர்க்கிறார். ஈற்றில் 'வு'வா, 'ப்பு'வா என்பதுதான் வேறுபாடு. நமக்கு வேண்டியது தீர்வின் பக்கம் நிற்கும் சொல். இதனால்தான் இசைவுத் தீர்வு என்பதையும் ஏற்க முடியாது. இசைவுத் தீர்ப்பு ஏற்கெனவே ஆர்பிட்ரேஷனுக்கு வழங்குகிறது. தட்டச்சில் 'வு' 'ப்பு' ஆகிவிட்டால் வேறு சட்டத்துக்குள் போய்விடுவோம்.

சமரசமே இருக்கட்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9-இல் மையம் தொடங்கியது முதல், மாவட்ட நீதிமன்ற வளாகங்கள் வரை பலகையில் இருப்பது அந்தச் சொல்தான்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு.

இலங்கையில் மத்தியஸ்தம் என்றால் தீர்ப்பு என்ற நினைப்பே வராது. 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தவை மத்தியஸ்த சபைகள். மூன்று பேர் அமர்ந்து கதைப்பார்கள். சட்டத்தரணிகள் தரப்பினருக்காகத் தோன்ற முடியாது. இணங்காவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் தருவார்கள்; சபையின் எல்லைக்குட்பட்ட சிறு பிணக்குகளில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அதற்கு முன்னர் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்தவை இணக்க சபைகள். வயதானவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் சொல்லுவினம்.

ஆகவே எல்லா நாட்டுத் தமிழருக்கும் ஒரே சொல் என்று பிடிவாதம் வேண்டாம். சிங்கப்பூரில் சமூக சமரச நிலையம் என்றே வழங்குகிறது. உங்கள் தாளை வாசிக்கப் போவது தமிழ்நாட்டுக்காரர் என்றால் அவர்களுக்குப் பழகினதை எழுதுங்கோ. இணக்கம் என்ற வேரை மட்டும் கைவிடாதீர்கள்.

* * *

இணக்கத்தை நானும் நினைத்தேன். இணக்குவிப்பு என்று பார்த்தால் 'வி' உள்ளே நுழைந்து மூன்றாமவரைத் தள்ளுகிறவராக ஆக்கிவிடுகிறது. வெறும் இணக்கம் என்றால் கணினிக்காரர்களும் விதிமுறை அலுவலர்களும் ஏற்கெனவே அதை எடுத்துக்கொண்டார்கள்.

பகைத்தவர்களைச் சேர்த்துவைப்பதைப் பழைய உரைகாரர்கள் சந்து செய்வித்தல் என்பார்கள். உறையூர் முற்றுகையில் சோழர்களான நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையில் புலவர் கோவூர் கிழார் செய்தது அதுதான். அழகான சொல், ஆனால் இன்று சந்து என்றால் தெருவுக்குள் தெரு. போகட்டும், அவரும் தம் கருத்தை முகத்துக்கு நேரே சொன்னவர். கன்சிலியேட்டர் என்றாலும் தகும். 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன், கன்சிலியேஷன் சட்டம் கன்சிலியேட்டர் தீர்வு யோசனைகளை முன்வைக்கலாம் என்றது. 2023 சட்டமோ கன்சிலியேஷனையும் மீடியேஷன் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிவிட்டது. நாமும் இரண்டு சொல் தேட வேண்டாம்.

சமரசத்தில் எனக்கிருக்கும் சிக்கல் வேறு. அது விளைவின் பெயர். "சமரசம் ஆயிற்று" என்றால் வழக்கு முடிந்தது. அப்படியிருக்க "சமரசத்துக்கு அனுப்பப்பட்டது" என்று படிப்பவர், விட்டுக்கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார். "சமரசம் தோல்வி" என்பது அதைவிடக் குழப்பம். ஒரு சொல் சேர்த்தால் போதும்: சமரசப் பேச்சு. பேச்சு நடக்கும், தொடரும், முறியும். எதற்கும் தமிழ் இடம் கொடுக்கிறது. நடத்துபவர் சமரசர்.

இதை நடைமுறையில் வைத்துப் பாருங்கள். சமரசர் தொடக்க உரையில் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: நான் தீர்ப்பு சொல்லமாட்டேன்; இங்கே பேசியது நீதிமன்றத்துக்குச் சான்றாகப் போகாது; எழுந்து போக உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு கூட்டமர்வு: இரு தரப்பும் குறுக்கீடில்லாமல் ஒருவர்பின் ஒருவராகப் பேசுவார்கள். அதன்பின் தனியமர்வு: சமரசர் ஒவ்வொரு தரப்போடும் தனித்தனியே பேசுவார். ஆங்கிலத்தில் அது காகஸ். காகஸுக்கு இரகசியக் கூட்டம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். சதி மாதிரி ஒலிக்கிறது. தனியமர்வில் சொன்னதை, சொன்னவர் ஒப்பாமல் மறுபக்கம் கொண்டுபோகக் கூடாது. ஒருவரோடு ஒரு மணி நேரம், மற்றவரோடு பத்து நிமிடம் என்று அமர்ந்தால் வெளியே காத்திருப்பவருக்குச் சந்தேகம் வரும். ஏன் நேரமாகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேச்சு முறிந்தால் உனக்கு என்ன வழி, எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு என்று கேட்பதும் அங்கேதான். அதற்கு மாற்றுவழிக் கணக்கு என்று பெயர் வைக்கலாம்.

* * *

சமரசப் பேச்சு எனக்குச் சம்மதம். முடிவில் எழுதும் தாளை ஒப்பந்தம் என்று போடாமல் சமரச உடன்படிக்கை என்று போடுங்கள். 2023 சட்டத்தின் வாசகப்படி முறையாகக் கையெழுத்தாகி, சமரசர் உறுதிசெய்த உடன்படிக்கையைத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், பேச்சுக்கே தகாத விவகாரம் என்ற காரணங்களுக்காக மட்டுமே எதிர்க்க முடியும். சமுதாய அளவில் மூவர் குழு நடத்தும் பேச்சில் வரும் உடன்பாட்டுக்கு அந்த வலு இல்லை. அதற்கு ஊர் இணக்கம் என்று தனிப்பெயர் கொடுங்கள். யாழ்ப்பாண நண்பரின் வேரும் பிழைத்துக்கொள்ளும்.

கவனிக்க: இந்தச் சட்டம் முழுதாக ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. 2023 அக்டோபர் 9-இல் சில பிரிவுகள் மட்டுமே தொடங்கின. முதல் வருகைக்குக் குறித்த நாளிலிருந்து 120 நாள், மேலும் 60 நாள் நீட்டிப்பு என்ற கெடுவைத் தாளில் போடுமுன் அந்தப் பிரிவு அறிவிக்கையாகிவிட்டதா பாருங்கள்.

தாளில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். உடன்படிக்கைகள் கெடுவது சட்டத்தால் இல்லை, வாசகத்தால். "சுமுகமாகப் பேசி முடித்துக்கொண்டோம்" என்று எழுதினால் நிறைவேற்று மனுவில் எதை நிறைவேற்றுவது? தொகை எண்ணிலும் எழுத்திலும், தவணைத் தேதி, எந்த வங்கிக் கணக்கு, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டுமா, வட்டி எவ்வளவு. நிலமென்றால் சர்வே எண், நான்கெல்லை, பட்டா மாற்றத்துக்கு யார் மனுப் போடுவது, பதிவுச் செலவு யாருடையது. எல்லாம் வேண்டும். கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி கையெழுத்து விட்டுப்போனால் மொத்தமும் வீண். பவர் வாங்கி வருபவருக்குச் சமரசம் பேசும் அதிகாரம் அந்தப் பத்திரத்தில் இருக்கிறதா என்பதை முதல் நாளே பார்க்க வேண்டும்.

வணிக வழக்குகளுக்கு இரண்டு அறிக்கைப் பெயர்கள் தேவை. எதிர்த்தரப்பு வரவேயில்லை என்றால் தொடங்காமை அறிக்கை. வந்து பேசியும் ஒத்துவரவில்லை என்றால் முறிவு அறிக்கை. இரண்டையும் தோல்வி அறிக்கை என்று போடாதீர்கள்.

* * *

சரி, சமரசப் பேச்சு. அறிவிப்பின் வாசகம் இப்படி வருகிறது:

"மேற்கண்ட வழக்கு சமரசப் பேச்சுக்கு அனுப்பப்பட்டுள்ளது. இங்கே தீர்ப்பு வழங்கப்படமாட்டாது. ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். குறித்த நாளில் நேரில் ஆஜராக வேண்டும்."

* * *

'ஆஜராக' வேண்டாம், ஐயா. 'வாருங்கள்' என்றே போடுங்கள். வழக்கறிஞரை உடன் அழைத்து வரலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.